காகிதக் கடிகாரமும் முக்கால் மணியும்

ஊர்த் திருவிழாவில் ஜவ்வு மிட்டாய் விற்பவரை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயர்ந்த மூங்கிற் கழி. அதன் உச்சியிலே கைதட்டும் ஒரு பொம்மை. பொம்மையின் காலடியிலே வண்ணம் வண்ணமாக மிட்டாய்ப் பாகு. சில்லறையை நீட்டினால், அப்பாகை இழுத்து, முறுக்கி, நம் மணிக்கட்டிலே ஒரு கடிகாரம் கட்டிவிடுவார். மிட்டாய் கிடைக்காத நாளில் தென்னங்கீற்றைக் கிழித்து மடித்து நாமே கைக்கடிகாரம் பின்னிக்கொண்டோம். அந்நாளில் உண்மைக் கடிகாரம் கட்டிய பெரியவர்களைக் காட்டிலும் நாமே பெருமிதத்தோடு நடந்தோம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அக்கடிகாரங்கள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று இருந்தது. அவற்றின் முட்கள் நகரமாட்டா. அவை அழகுக்கு உரியவையேயன்றி அறிவுக்கு உரியவை அல்ல. குழந்தை தன் விரலால் முள்ளை நகர்த்தி, ‘இப்பொழுது மணி என்ன?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ளக்கூடிய முதற் கடிகாரம், பள்ளியில் அட்டையை வெட்டிச் செய்த காகிதக் கடிகாரமே ஆகும். எளிய பொருள்தான். எனினும் அதன் பின்னே நீண்ட வரலாறு ஒன்று உண்டு. வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வரலாற்றிலிருந்து ஒரு செய்தியும் உண்டு.

இவ்வரலாற்றைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வைத்துச் சொல்வது பொருத்தமென்று கருதுகிறோம். தொல்காப்பியப் பாயிரம் வேங்கட மலையைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகக் குறிக்கிறது. எல்லை என்பது இரண்டு நிலங்கள் பிரியும் இடம் மட்டும் அன்று. அவை கூடும் இடமும் அதுவே. இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே திண்ணையில் பேசப்பட்டு வந்திருக்கின்றன. 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அதனுடன் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சிக்கும், படாஸ்கர் அளித்த தீர்ப்புக்கும் பின்னர், 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன.

இதனால் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள், வீட்டை விட்டு ஓரடியும் நகராமலே வேறு மாநிலத்தவர் ஆயின. நேயர்களாகிய நீங்களோ பிழைப்பை நாடியோ கல்வியை நாடியோ டில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் சென்றீர்கள். வழி வேறாயினும் நிலை ஒன்றே. வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி. அவ்விரண்டுக்கும் இடையே வளரும் குழந்தைக்கு முதலில் கற்பிக்க வேண்டியவற்றுள் ஒன்று, மணி பார்த்தல்.

நிற்க. நம் முன்னோர் பொழுதை எவ்வாறு அறிந்தனர் என்பதைச் சிறிது நோக்குவோம். ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை ஒன்று 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம். பத்து நாழிகை ஒரு சிறுபொழுது. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனச் சிறுபொழுதுகள் ஆறு. நாழிகையை அளப்பதற்கு நீர்க்கடிகாரம் இருந்தது. பாசறையில் இருக்கும் அரசனுக்குச் சிறு நீர்க்கலத்தைக் கொண்டு பொழுதை அளந்து அறிவிக்கும் மாந்தரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. ஆயினும் எளிய மக்கள் எவரும் கருவியைப் பார்த்துப் பொழுதறியவில்லை. நிழலைப் பார்த்தனர், விண்மீனைப் பார்த்தனர், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலியைக் கேட்டனர்.

திருப்பதியில் வாழ்வோருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? திருமலையின் நாள், விடியலுக்கு நெடுநேரம் முன்னே சுப்ரபாதத்தில் தொடங்கி இரவின் ஏகாந்த சேவையில் முடிகிறது. மார்கழியில் சுப்ரபாதத்தின் இடத்தில் ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. அங்கே பொழுது கண்ணால் படிக்கப்படுவதன்று; செவியால் கேட்கப்படுவது. நம் மொழிகளே இதற்குச் சான்று. தமிழில் ‘மணி’ என்றால் அடிக்கும் மணியும் ஆகும். அறுபது நிமிடமும் ஆகும். தெலுங்கில் ‘கண்ட’ என்னும் சொல்லும், கன்னடத்தில் ‘கண்டெ’ என்னும் சொல்லும், இந்தியில் ‘கண்டா’ என்னும் சொல்லும் அவ்வாறே இரண்டையும் குறிக்கும். மொழிக்குடும்பங்கள் வேறாயினும் இம்மக்கள் அனைவரும் பொழுதை முதலில் கேட்டார்கள், பின்னரே கண்டார்கள் என்பதை இச்சொற்கள் சொல்லாமற் சொல்கின்றன.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணி பார்த்தல் ஒரு பாடமாக இருந்ததில்லை. பார்ப்பதற்குக் கடிகாரமும் இல்லை. எனினும் பிற்காலத்தில் கடிகாரத்துக்குப் பயன்பட்ட வேறொன்றை அப்பள்ளி கற்பித்தது. அதுவே எண்சுவடி. மணலில் விரலால் எழுதிய சிறுவர், ஒன்று இரண்டு என்னும் முழு எண்களோடு நில்லாமல் கீழ்வாய் இலக்கத்தையும் உருப்போட்டனர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு. மா 20இல் ஒரு பங்கு. அரைக்கால் எட்டில் ஒரு பங்கு. அதன்மேல் கால், அரை, முக்கால். நெல்லளப்பதற்கும் நிலமளப்பதற்கும் உரிய கணக்கு அது. முந்திரியும் காணியும் இன்று வழக்கொழிந்தன. கால், அரை, முக்கால் ஆகிய மூன்றும் கடிகாரத்தின் முகத்தில் ஏறி உயிர் பிழைத்தன. இதனைப் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

கடிகார நேரம் தென்னாட்டுக்கு வந்த வழி வானத்தைப் பார்த்த வழியாகும். 1786ஆம் ஆண்டில் வில்லியம் பெட்ரி என்னும் கும்பெனி அதிகாரி தம் சொந்த முயற்சியில் சென்னையில் ஒரு வானாய்வகம் நிறுவினார். பின்னர்க் கும்பெனி அதனை ஏற்று, 1792ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. அங்கு நின்ற கருங்கல் தூணில் தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறித்தார்கள். பொழுதளக்கும் இல்லத்தில் இரு மொழிகளும் ஒரே கல்லில் நின்ற காட்சி கருதத்தக்கது. அவ்வாய்வகத்தின் வானியலறிஞர் ஜான் கோல்டிங்காம் 1802ஆம் ஆண்டில் கண்ட கணக்கின்படி, சென்னை நேரம் கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முற்பட்டது.

இந்நேரத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றது புகைவண்டி. 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடியது. பின்னர் இரேணிகுண்டா, பாகாலா சந்திப்புகளின் வழியே திருப்பதியும் சித்தூரும் இருப்புப்பாதையில் இணைந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்வேக்கள் சென்னை நேரத்தையே பொது நேரமாகக் கொண்டன. கோயிலுக்கு வரும் அன்பரை இறைவன் பொறுத்துக்கொள்வான், புகைவண்டியோ பொறுத்துக்கொள்வதில்லை. நிமிடம் என்னும் சொல்லுக்கு மக்கள் வாழ்வில் பொருள் பிறந்தது அப்போதுதான். தண்டவாளத் துண்டு ஒன்றை மரக்கிளையில் தொங்கவிட்டு அதனையே பள்ளி மணியாக அடித்த ஊர்கள் எத்தனை! இரயில் கொணர்ந்த நேரத்தை இரயிலின் இரும்பே அறிவித்தது.

1906ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் முதல், கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முற்பட்ட இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் பழைய நேரத்தை முற்றும் கைவிடவில்லை. பொது நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகை 82½ பாகை கிழக்கு. அது ஆந்திரத்தின் காக்கிநாடாவுக்கு அருகே செல்கிறது. திருப்பதி அதற்கு மேற்கே இருப்பதால், அங்கே கதிரவன் உச்சிக்கு வருவது சராசரியாகக் கடிகாரத்தில் 12 மணி 12 நிமிட அளவில். சித்தூரில் இன்னும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கழித்து. ஆகவே கடிகாரம் காட்டுவது வானத்தின் நேரம் அன்று. நாட்டு மக்கள் அனைவரும் உடன்பட்டு வைத்துக்கொண்ட நேரம். உடன்பாட்டைக் குழந்தை தானே கண்டுபிடித்துக்கொள்ள இயலாது. யாரேனும் கற்பிக்க வேண்டும். மணி பார்த்தல் பாடமாயிற்று.

பாடம் வந்தது, கருவி எங்கே? சுவர்க்கடிகாரம் தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிக்குள் இருந்தது. அதனைத் தொட்டால் தண்டனை. கைக்கடிகாரமோ செல்வர் வீட்டுப் பொருள். தொடாமல் கற்க இயலாத ஒன்றைத் தொடக்கூடாத பொருளைக் காட்டிக் கற்பிப்பது எப்படி? இவ்விடத்தில்தான் காகிதம் துணைக்கு வந்தது.

காகிதத்தைக் கல்விக் கருவியாக்கிய பெருமை ஜெர்மானியக் கல்வியாளர் பிரெடரிக் புரோபெலைச் சாரும். 1837ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய குழந்தைகள் பள்ளியே பின்னர்க் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் பெற்றது. பந்து, கட்டை, குச்சி, மடிக்கும் தாள் ஆகியவற்றை வரிசைப்படுத்திக் குழந்தைகளின் கையில் கொடுக்க வேண்டும் என்றது அவர் முறை. இம்முறையில் இருந்த காகித மடிப்பைக் கண்டு அதனை வடிவக் கணிதத்தின் உயரத்துக்கே கொண்டு சென்றவர் ஒரு தமிழ்நாட்டவர் என்பதை நேயர்கள் அறிந்து மகிழலாம். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த தி. சுந்தரராவ், 1893ஆம் ஆண்டில் காகித மடிப்பின் வழியே வடிவக் கணிதம் என்னும் பொருள்பட ஆங்கில நூலொன்றைச் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அந்நூலைத் தம் நூலில் குறிப்பிட்டார். 1901ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் அது பதிப்பிக்கப்பட்டது. அளவுகோலும் கவராயமும் இன்றித் தாளை மடித்தே ஐங்கோணம், அறுகோணம், பன்னிரு கோணம் ஆகியவற்றை உண்டாக்கும் வழியை அவர் காட்டினார். பன்னிரு கோணம் என்பது யாது? கடிகார முகத்தின் எலும்புக்கூடு அதுவே அன்றோ!

காகிதக் கடிகாரம் செய்யும் முறையைச் சுருங்கச் சொல்வோம். சாப்பாட்டுத் தட்டைத் தாளின்மேல் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டுக. வட்டத்தை இரண்டாக மடித்தால் அரைவட்டம். அதனை மூன்று சமபங்காக மடித்தால் ஆறில் ஒரு பங்கு. அதனை மீண்டும் இரண்டாக மடித்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு. பிரித்துப் பார்த்தால் பன்னிரண்டு கதிர்கள் மையத்திலிருந்து புறப்படும். அக்கதிர்களின் முனையில் எண்களை இடுக. பழைய நாட்காட்டியின் அட்டையையோ திருமணப் பத்திரிகையின் அட்டையையோ பின்புறம் ஒட்டுக. நெட்டை ஈர்க்கு ஒன்று, குட்டை ஈர்க்கு ஒன்று; இரண்டையும் நடுவில் நூலிட்டு ஒரு சட்டைப் பித்தானோடு பிணைத்துவிட்டால் கடிகாரம் ஆயத்தம். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் இதனைச் செய்து முடித்த குழந்தை, வட்டத்தில் பன்னிரண்டு சமபங்கு உண்டு என்பதை யாரும் சொல்லாமலே அறிந்துவிட்டது.

செய்து கற்றல் என்னும் இக்கொள்கை நம் நாட்டில் பல வாயில்களின் வழியே புகுந்தது. 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்தது. 1939ஆம் ஆண்டில் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தையின் கை செய்வதையே அதன் மனம் பற்றிக்கொள்கிறது என்பது அவர் போதனையின் சாரம். நகரப் பள்ளிகள் வாங்கிய மாண்டிசோரிக் கருவிகளைக் கிராமப் பள்ளிகள் வாங்க இயலவில்லை. ஆகவே அங்கே ஆசிரியரே தச்சரும் தையற்காரரும் ஓவியரும் ஆனார்.

இவ்வகையில் சித்தூர் மண் நாட்டுக்கே ஒரு வழி காட்டியது. முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி உருவாக்கிய ரிஷி வேலிக் கல்வி நிலையம் உள்ளது. 1980களின் பிற்பகுதியில், அதன் கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ரமா ஆகியோர் சுற்றுப்புறச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் புதிய முறை ஒன்றை வகுத்தனர். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. அட்டைகள் ஏணியின் படிகள்போல் வரிசைப்பட்டன. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படியேறும். ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள் இருந்தாலும் ஆசிரியர் திகைக்க வேண்டியதில்லை. ‘பெட்டிக்குள் பள்ளி’ என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. அட்டையும் தாளும் உள்ளூர்ப் பொருளுமே அதன் முதல்.

இம்முறை எல்லை கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்னும் பெயரால் தொடங்கி, 2007ஆம் ஆண்டளவில் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, ஏணியைப் பார்த்து, தமக்குரிய அட்டையைத் தாமே எடுத்துக்கொண்டனர். அம்முறை பின்னர் மாறுதல்கள் அடைந்தது. எனினும், தெலுங்கு பேசும் சிற்றூர்களில் பிறந்த அட்டைகள் தமிழ்க் குழந்தையின் கைக்கு வந்த நிகழ்ச்சி, எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசுவோர் மறக்கலாகாத ஒன்று. மேலும், அனைவருக்கும் கல்வித் திட்டத்தின்கீழ் கற்பித்தல் துணைப்பொருள் செய்வதற்கென்று ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வழங்கும் ஏற்பாடு இருந்தது. ஆசிரியர் கையால் செய்த பொருள்களின் வரிசையில், எம்மொழிப் பள்ளியாயினும், அட்டைக் கடிகாரம் இடம்பெறாமற் போவது அரிது.

இனி வகுப்பறையினுள் நுழைவோம். திருப்பதியிலோ சித்தூரிலோ இரண்டு மொழிப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பை மனக்கண்முன் கொண்டு வருவோம். கைதேர்ந்த ஆசிரியை முதல் நாளில் நெட்டை முள்ளைக் கழற்றி வைத்துவிடுவார். குட்டை முள் மட்டும் இருக்கும். அது எந்த எண்ணின்மேல் நிற்கிறது? மூன்றின்மேல் நின்றால் மூன்று மணி. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நின்றால் மூன்றரை. இவ்வாறு குட்டை முள்ளைக் கொண்டே ஏறக்குறைய மணி சொல்லப் பழகிய பின்னரே நெட்டை முள் வரும். அதற்குள் ஐந்தாம் வாய்ப்பாடு மனப்பாடமாகியிருக்க வேண்டும். இல்லையேல் குழந்தை, நெட்டை முள் மூன்றில் நிற்பதைக் கண்டு பதினைந்து நிமிடம் என்னாது, மூன்று நிமிடம் என்றே சொல்லும். அது குழந்தையின் குற்றம் அன்று. ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள் வைத்த பெரியவர்களின் குற்றம்.

காகிதக் கடிகாரத்துக்குப் பற்சக்கரம் இல்லை. உண்மைக் கடிகாரத்தில் நெட்டை முள் ஒரு சுற்றுச் சுற்றும்போது குட்டை முள் தானே ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குச் செல்லும். காகிதக் கடிகாரத்தில் அதனைக் குழந்தையே நகர்த்த வேண்டும். இது குறைபோலத் தோன்றும். உண்மையில் இதுவே அதன் சிறப்பு. ‘நெட்டை முள்ளை ஆறுக்குக் கொண்டு வந்துவிட்டாயே, குட்டை முள் இன்னும் மூன்றின்மேல் நிற்கலாமா?’ என்று ஆசிரியை கேட்பார். குழந்தை சிந்திக்கும், முள்ளைப் பாதி வழிக்குத் தள்ளும். அந்த ஒரு கணத்தில் கடிகாரத்தின் பற்சக்கரம் குழந்தையின் அறிவுக்குள் அமைந்துவிடுகிறது.

எல்லாவற்றினும் கடினமான இடம் முக்கால் மணி. குட்டை முள் மூன்றை நெருங்கிவிட்டது. நெட்டை முள் ஒன்பதில் நிற்கிறது. மணி என்ன? ‘மூன்றே முக்கால்’ என்று பிழையாகச் சொல்லாத குழந்தை இல்லை என்றே கூறலாம். இங்கே இரண்டு மொழிகளும் இரண்டு விளக்குகளாக வந்து உதவுகின்றன. தமிழ்க் குழந்தை ‘இரண்டே முக்கால்’ என்று சொல்லப் பழகும்: இரண்டு முடிந்தது, அதன்மேல் முக்காலும் ஆயிற்று. தெலுங்குக் குழந்தை ‘ரெண்டு முப்பாவு’ என்றும் சொல்லும்; ‘பாவு தக்குவ மூடு’ என்றும் சொல்லும். பின்னதன் பொருள், மூன்றுக்குக் கால் குறைவு. தமிழ் வழக்கு நடந்து வந்த தொலைவைச் சொல்கிறது. ‘பாவு தக்குவ’ நடக்க வேண்டிய தொலைவைச் சொல்கிறது. ஒரே அட்டை, அவையே இரண்டு முட்கள். இரண்டு சொல்லையும் கேட்ட பிள்ளைக்குக் குட்டை முள் ஏன் மூன்றை நெருங்கியும் மூன்றைத் தொடவில்லை என்பது ஐயமின்றி விளங்கும்.

நேயர்களின் பிள்ளைகளும் இவ்வாறே இரண்டு வழக்கைக் கேட்கின்றனர். டில்லியில் அதே பொழுது ‘பௌனே தீன்’. பம்பாயில் மராத்தியர் ‘பாவணே தீன்’ என்பர். இரண்டுமே மூன்றிலிருந்து காலைக் கழிப்பவை. ஒன்றரைக்கு ‘டேட்’ என்றும் இரண்டரைக்கு ‘டாயீ’ என்றும் இந்தியில் தனிச் சொற்கள் உண்டு. பெங்களூரிலோ ‘எரடூ முக்காலு’. கேரளத்தில் ‘ரண்டே முக்கால்’. அவை நம் வழக்கோடு உடன்பிறந்தவை. தெருவில் கேட்டதும் வீட்டில் கேட்டதும் முரண்படுவதாக எண்ணிக் குழந்தை குழம்பினால், ‘நம் மொழி உனக்கு வேண்டாம், பள்ளி மொழியே போதும்’ என்று சொல்லிவிடும் பெற்றோர் சிலர் உளர். அது தவறு என்பதைச் சித்தூர் வட்டாரம் தலைமுறை தலைமுறையாக மெய்ப்பித்து வந்திருக்கிறது. இரண்டு வழக்கு குழப்பம் அன்று. ஒரே முகத்தை இரண்டு பக்கமும் நின்று பார்க்கும் வசதி.

ஆனால் கேட்பாரற்றுப் போனால் சொல் நில்லாது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் புதிய பைசா வந்தபோது, நாலணாவைக் கால் ரூபாய் என்றும் பன்னிரண்டணாவை முக்கால் ரூபாய் என்றும் எண்ணிய கணக்கு மெல்ல மறைந்தது. மெட்ரிக் அளவைகள் வந்து படி, உழக்கு, ஆழாக்கு ஆகியவற்றை விலக்கின. கடையில் கால் கிலோ, அரைக் கிலோ இன்னும் கேட்கிறோம். தராசோ எண்களையே காட்டுகிறது. பத்தின் பெருக்கமாக மாறாமல் அறுபதோடு நின்ற ஒன்று கடிகாரம் மட்டுமே. ஆகவே கால், அரை, முக்கால் ஆகிய நம் எண்சுவடிச் சொற்களை நாள்தோறும் நாவில் வைத்திருப்பது பெரும்பாலும் கடிகாரமே. இன்று அந்த இடத்துக்கும் இடையூறு வந்துள்ளது. கைப்பேசி 2:45 என்று எண்ணாகவே காட்டிவிடுகிறது. குழந்தை அதனை ‘டூ ஃபார்ட்டி ஃபைவ்’ என்று படித்துவிடுகிறது. படித்தது பிழையில்லை. ஆனால் ஒரு மணியில் எத்தனை பங்கு கழிந்தது, எத்தனை பங்கு எஞ்சியது என்பதை அந்த எண் காட்டுவதில்லை, முள் காட்டுகிறது. முள் போனால் முக்காலும் போகும்.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குழந்தையை அருகில் இருத்தி, ஒரு தட்டும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்து கொடுக்க வேண்டாம்; குழந்தையே மடிக்கட்டும், வெட்டட்டும். பங்கு சற்றுக் கோணலானால் குற்றமில்லை. எண்களின் புறத்தே அவ்வூர் மொழியிலும் அகத்தே தமிழிலும் மணியின் பெயரை எழுதட்டும். பாட்டனாரோ பாட்டியாரோ வீட்டில் இருந்தால் கேள்வி கேட்கும் பணியை அவர்களிடம் விடுங்கள். ‘அப்பா அலுவலகத்திலிருந்து வரும் மணியை வை’, ‘பள்ளி விடும் மணியை வை’ என்று கேட்கட்டும். குழந்தை முள்ளை வைத்துவிட்டு, இரு மொழியிலும் சொல்லட்டும்.

மற்றொரு விளையாட்டும் உண்டு. விடுமுறை நாளில் முற்றத்திலோ மாடியிலோ ஒரு குச்சியை நேராக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்டின் பருவத்துக்கேற்பச் சில நிமிடங்கள் முன்பின்னாகலாம். எனினும் சராசரியாகக் கல்கத்தாவில் 11 மணி 37 நிமிடத்திலும், சென்னையில் 12 மணி 9 நிமிடத்திலும், திருப்பதியில் 12 மணி 12 நிமிடத்திலும், டில்லியில் 12 மணி 21 நிமிடத்திலும், பம்பாயில் 12 மணி 38 நிமிடத்திலும் அது நிகழும். ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக் குழந்தையும் அதே நாளில் குச்சி நட்டால், இருவரும் தத்தம் காகிதக் கடிகாரத்தில் அந்நேரத்தை வைத்து ஒப்பிடலாம். ஊர்கள் கிழக்கு மேற்காக எத்தனை தொலைவில் உள்ளன என்பதை நிமிடக் கணக்கில் குழந்தை அப்போது காணும். நிழல்கள் வேறு வேறு. கடிகாரம் ஒன்று என்பதும் விளங்கும்.

திருத்தணியிற் பிறந்து திருப்பதியில் பள்ளிக் கல்வி பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டம்பர் 5ஐ 1962ஆம் ஆண்டு முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த இரண்டு ஊர்களும் இன்று இரண்டு மாநிலங்களில் உள்ளன. கோடு மாறியது; கற்பித்தல் மாறவில்லை. அட்டையை வெட்டி, ஈர்க்கை ஒடித்து, நள்ளிரவு வரை விழித்திருந்து நாற்பது குழந்தைகளுக்கும் கடிகாரம் செய்த பெயரறியா ஆசிரியர்கள் எல்லைக்கு இருபுறமும் இருந்தனர், இருக்கின்றனர்.

ஜவ்வு மிட்டாய்க் கடிகாரம் வீடு சேர்வதற்குள் கரைந்து போயிற்று. தென்னங்கீற்றுக் கடிகாரம் மறுநாள் வாடிற்று. காகிதக் கடிகாரமும் ஓராண்டு நில்லாது. பித்தான் கழன்றுவிடும், ஈர்க்கு முறிந்துவிடும். அதனால் குறைவில்லை. அதற்குள் முட்கள் இரண்டும் குழந்தையின் உள்ளத்தில் இடம் பெயர்ந்திருக்கும். அதன்பின் எந்த ஊரில், எந்தச் சுவரில், எந்தக் கடிகாரத்தைக் கண்டாலும், ‘இரண்டே முக்கால்’ என்று அக்குழந்தை தமிழிலும் சொல்லும்.